பாலிகிராஃப்: ஜெஃபர்சன் மேசையில் இருந்தது வேறு

பாலிகிராஃப் என்றதும் பொய்யைப் பிடிக்கக் காவல்துறை நடத்தும் விசாரணைதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சனிடமும் ஒரு பாலிகிராஃப் இருந்தது. அவர் அதில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

கிரேக்கத்தில் 'பாலி' என்றால் பல. 'கிராஃபைன்' என்றால் எழுதுதல், கீறுதல். நிறைய எழுதிக் குவிப்பவரைக் கிரேக்கர்கள் இந்தச் சொல்லால் குறித்தார்கள். வாழ்நாளில் ஏறத்தாழ 19,000 கடிதங்கள் எழுதிய ஜெஃபர்சனுக்கு அந்தப் பழைய பொருளும் பொருந்தும்.

அவர் வைத்திருந்த கருவிக்கு ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் 1803இல் காப்புரிமை பெற்றார். ஃபிலடெல்ஃபியாவில் அதைச் செய்து விற்றவர் ஓவியர் சார்லஸ் வில்சன் பீல். மரப்பலகையில் இரண்டு தாள்களை அருகருகே விரிக்க வேண்டும். மேலே இரண்டு பேனாக்கள் மெல்லிய சட்டங்களால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒன்றைப் பிடித்து எழுதினால், கை படாத மற்றொன்றும் அதே வளைவுகளைப் போட்டுக்கொண்டே போகும். கடைசி எழுத்து முடியும்போது படியும் தயார். 'பல' என்று பெயரில் இருந்தாலும் மேசையில் இருந்தவை இரண்டு பேனாக்கள்தான்!

அதற்கு முன் ஜேம்ஸ் வாட்டின் படியெடுப்பு அச்சு ஜெஃபர்சனிடம் இருந்தது. மை காயாத கடிதத்தின் மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால், எழுத்து இடவலம் மாறிப் பதியும். தாளின் மறுபக்கத்திலிருந்து படிக்க வேண்டும். பாலிகிராஃபுக்குப் பழகிய பிறகு அந்த மங்கலான படிகள் அவருக்குப் பிடிக்கவில்லை. இனி பாலிகிராஃப் இல்லாமல் வாழ முடியாது என்று 1809இல் பீலுக்கே எழுதினார்.

வர்ஜீனியாவில் அவர் கட்டிய மான்டிசெல்லோ மாளிகையில், படுக்கை ஒரு சுவர் மாடத்தில் இருந்தது. ஒரு பக்கம் இறங்கினால் படுக்கையறை, மறுபக்கம் இறங்கினால் எழுதும் அறை. அங்கே சுழல் நாற்காலியும் சுழலும் மேசையும் பாலிகிராஃபும் இருந்தன. இத்தனை வசதியாக உட்கார்ந்து எழுத அவருக்கு ஓய்வு கிடைத்ததென்றால், அடிமைகளின் உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அவர் அடிமைகளாக வைத்திருந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர் ஜேம்ஸ் மெக்கன்சி, நாடித்துடிப்புகளைத் தாளில் கோடுகளாகப் பதியும் கருவிக்கு இதே பெயரை வைத்தார். 1921இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரக் காவல்துறையின் ஜான் லார்சன், இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் ஒன்றாகப் பதியும் கருவியை விசாரணைக்குக் கொண்டுவந்தார். அதற்கும் இந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கருவி செய்வது கோடு கீறுவது மட்டும்தான்; பொய், உண்மை என்பதெல்லாம் அதைப் படிப்பவர் சொல்வது.

அதனால்தான் பாலிகிராஃப் சோதனைக்கு நம் செய்தித்தாள்கள் எழுதும் 'உண்மை கண்டறியும் சோதனை' என்ற பெயர் எனக்கு உறுத்துகிறது. கருவிக்கு இல்லாத திறமையைப் பெயரே கொடுத்துவிடுகிறது. மருந்து செலுத்திக் கேள்வி கேட்கும் சோதனைக்கும் அதையே எழுதுகிறார்கள். 'பல்வரைவி' என்றால் சொல்லுக்குச் சரி, ஆனால் பல் மருத்துவரிடம் இருக்கும் சாதனம்போல ஒலிக்கிறது. 'பல்குறிப் பதிவி' என்றால் அந்தக் குழப்பம் குறையும்.

ஜெஃபர்சனுடையது வேறு பொருள். அதற்கு வேறு சொல் வேண்டும். மூலப்படி, கையெழுத்துப்படி, படியெடுத்தல் என்று ஏட்டுச்சுவடிக்காரர்கள் வழங்கிய 'படி' கையிலேயே இருக்கிறது. எழுதும்போதே படியையும் எழுதுவதால் அதைப் 'படியெழுதி' என்பேன்.