வெளிர்நீலச் சுவர் ராத்திரியில் ஏன் சாம்பலாகத் தெரிகிறது?

ஷேட் கார்டில் பிடித்துப்போன வெளிர்நீலத்தை வீட்டில் அடித்தபின் புதுச்சேரிக்காரர்கள் சொல்லும் குறை இரண்டு. "கார்டுல பாத்ததவிட அடர்த்தியா இருக்கு." "ராத்திரி லைட்டு போட்டா சாம்பல் பூத்த மாதிரி தெரியுது." பழி பெயின்டர் தலையில் விழும். பெரும்பாலும் அவர்மீது தவறு இருக்காது.

வெளிர்நீல பெயின்ட்டில் நீலம் கொஞ்சம்தான். நிறமியில் பெரும்பங்கு டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெள்ளைப் பொடி. அதன் ஒளிவிலகல் எண் (ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) சுமார் 2.7, அதைச் சுவரில் பிடித்துவைக்கும் பிசினுக்குச் சுமார் 1.5. இந்த இடைவெளி பெரிதாக இருப்பதால் ஒளி எல்லாப் பக்கமும் சிதறி, வெள்ளையாகத் திரும்பி வருகிறது. கூடவே கலந்த துளி நீலம், பெரும்பாலும் தாலோசயனின் என்ற செம்புச் சேர்மம், சிவப்பையும் ஆரஞ்சையும் விழுங்கிவிடுகிறது.

சுண்ணாம்பு அடித்த சுவரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஈரமாக இருக்கும்வரை பழைய கறை தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். ஈரத்தில் துகள்களுக்கு நடுவே தண்ணீர் (1.33), காய்ந்தபின் காற்று (1). இடைவெளி கூடுகிறது, சிதறலும் கூடுகிறது. அந்தச் சுண்ணாம்பில் கலக்கும் நீலப்பொடி அல்ட்ராமரைன். அதைச் செயற்கையாகத் தயாரித்ததற்காக 1828இல் பிரெஞ்சு வேதியியலர் ழான்-பாப்டிஸ்ட் கிமே பரிசு பெற்றார். சுண்ணாம்பின் காரத்தை அது தாங்கும். பிரஷ்யன் நீலம் என்ற இன்னொரு நீலப்பொடி தாங்காது, நிறம் கெட்டுவிடும்.

இனி முதல் குறை. ஒரு சுவர் நீல ஒளியில் 70 சதவீதத்தையும் சிவப்பில் 55 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒளி எதிர்ச்சுவரில் பட்டு வந்தால் நீலம் 49, சிவப்பு 30. இன்னொரு தரம் பட்டால் நீலம் 34, சிவப்பு 17. சிவப்பு நீலத்தில் பாதியாகிவிட்டது. நான்கு சுவரும் ஒரே நிறமென்றால் ஒவ்வொன்றும் மற்றதற்கு நீலம் ஏற்றுகிறது. கையகலக் கார்டில் இது நடக்க வாய்ப்பே இல்லை. ஆகவே பிடித்த ஷேடுக்கு ஒரு படி வெளிரானதை எடுப்பதே புத்திசாலித்தனம்.

ராத்திரிச் சங்கதி வேறு. பல்பின் ஒளிநிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை. 2700 கெல்வின் மஞ்சள் பல்பில் நீல ஒளி குறைவு. இல்லாததைச் சுவர் எப்படித் திருப்பித் தரும்? கடலோர வீட்டின் கிழக்கு அறையில் காலையில் நேர்வெயில் விழும். மதியத்துக்குமேல் வானத்தின் நீல ஒளி மட்டும் வருவதால் அதே சுவர் குளிர்ந்த நீலமாகிவிடும். ரெட் ஆக்சைடு தரை போட்ட பழைய வீடுகளில் தரையின் சிவப்பு சுவரின் அடிப்பகுதியில் ஏறி, அங்கே மட்டும் நீலம் மங்கலாகத் தெரியும். பல்பை 4000 கெல்வினுக்கு மாற்றினால் சாம்பல் தோற்றம் பெருமளவு குறையும்; பெயின்ட்டை மாற்றுவதைவிட இது எவ்வளவோ மலிவு.

மாதிரி அடித்துப் பார்ப்பவர்கள் நடுச்சுவரில் அடிக்காமல், இரண்டு சுவர் கூடும் மூலையில் இருபுறமும் இரண்டடி அகலத்துக்கு அடித்து, காய்ந்தபின் பகலிலும் விளக்கு போட்டும் பாருங்கள். சுவருக்குச் சுவர் நீலம் ஏறுவது மூலையில்தான் முதலில் தெரியும்.