ட்ராக் டே: முன்னால் போகிறவருக்குக் கண்ணாடி கிடையாது

ட்ராக் டேக்காக ரேஸ் சர்க்யூட்டுக்கு வரும் எந்த பைக்கிலும் முதலில் கழற்றச் சொல்வது பக்கக் கண்ணாடிகளைத்தான். கழற்ற வராதென்றால் உள்பக்கம் மடக்கி டேப் சுற்றிவிடுவார்கள். பைக் விழுந்தால் கண்ணாடிச் சில்லு சிதறி, அடுத்து வருபவரின் டயரைப் பதம்பார்க்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், முன்னால் போகிறவர் பின்னால் யார் வருகிறார் என்று பார்க்கவே கூடாது என்பது. சாலையில் ஒதுங்கி வழிவிடுவது மரியாதை. ட்ராக்கில் அப்படி ஒதுங்குவதுதான் விபத்துக்கு ஆரம்பம். பின்னால் வருபவருக்கு எதிரே நடப்பதெல்லாம் தெரிகிறது. முன்னால் போகிறவருக்கு அவர் இருப்பதே தெரியாது. ஆகவே பத்திரமாக முந்துவது முழுக்க முழுக்கப் பின்னால் வருபவரின் வேலை. ட்ராக் டே ஒழுங்குகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து வந்தவைதான்.

ட்ராக் டே என்பது ரேஸ் இல்லை. முதலிடம் இல்லை, கோப்பை இல்லை. பணம் கட்டி, குழு குழுவாகப் பிரிந்து, ஆளுக்கு 15 அல்லது 20 நிமிட செஷன்களாக நாள் முழுக்க ஓட்டிப் பழகுகிற ஏற்பாடு. ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி இருங்காட்டுக்கோட்டையில் உள்ள சர்க்யூட் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். இப்போது அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். பழைய ஆட்கள் வாயில் இன்னமும் எம்.எம்.ஆர்.டி.தான், மெட்ராஸ் மோட்டார் ரேஸ் ட்ராக் என்ற பழைய பெயரின் சுருக்கம். கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே 2 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட் 5.125 கிலோமீட்டர். இந்த நீளங்களை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் 20 பைக்குகளை விட்டால், கரியில் பைக்குக்கு ஏறத்தாழ 100 மீட்டர் இடம், இருங்காட்டுக்கோட்டையில் 186 மீட்டர், நொய்டாவில் 256 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டரில் போனால் 100 மீட்டரைக் கடக்க நான்கு வினாடிகூட ஆகாது. ஒரு குழுவில் எத்தனை பேர் என்று கேட்காமல் பணம் கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

குழுப் பிரிப்பில்தான் பொய் அதிகம். பதிவுப் படிவத்தில் “அனுபவம்” என்ற இடத்தில் லடாக் போய்வந்தது, பத்து வருடமாக பைக் ஓட்டுவது எல்லாம் எழுதியிருப்பார்கள். அதற்கெல்லாம் இங்கே மதிப்பில்லை. ட்ராக்கில் எத்தனை செஷன் ஓட்டியிருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. இதற்கு முன் ஓட்டியதே இல்லையென்றால், கையில் 1000 சிசி இருந்தாலும் புதியவர் குழுதான். நாலு நண்பர்கள் சேர்ந்து வந்து, நாலு பேரும் ஒரே குழுவில்தான் ஓட்டுவோம் என்று நிற்பது ஏற்பாட்டாளருக்கு நிரந்தரத் தலைவலி. நல்ல ஏற்பாட்டாளர் முதல் இரண்டு செஷனின் நேரத்தைப் பார்த்து, மதியத்துக்குள் ஆட்களை மேலேயும் கீழேயும் மாற்றிவிடுவார். கீழே மாற்றினால் முகம் சுருங்க வேண்டியதில்லை. விபத்துகள் பெரும்பாலும் வேகத்தால் மட்டும் வருவதில்லை. ஒரே குழுவுக்குள் இருக்கும் வேக வித்தியாசத்தால் வருகிறவையே அதிகம்.

முந்தும் விதி குழுவுக்குக் குழு மாறும். வழக்கமான ஏற்பாடு இது: புதியவர்கள் நேர்ப்பாதையில் மட்டும் முந்தலாம், பக்கவாட்டில் குறைந்தது இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு. நடுக் குழுவினர் வளைவிலும் முந்தலாம், ஆனால் வெளிப்பக்கமாக மட்டும். வேகக் குழுவில் உள்பக்கமும் செல்லும், முந்தப்படுகிறவர் தன் லைனை, அதாவது போய்க்கொண்டிருக்கும் தடத்தை, மாற்ற வேண்டிய நிலை வராதவரை. எந்தக் குழுவிலும் பிரேக் போடும் இடத்தில் உள்ளே மூக்கை நுழைக்கக் கூடாது. ரேஸில் அது சாமர்த்தியம். ட்ராக் டேயில் அதற்குப் பெயர் வீட்டுக்கு அனுப்பப்படுவது.

அடிக்கடி நடக்கிற ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். புதியவர் ஒருவர் வலது வளைவுக்கு வருகிறார். முதுகுக்குப் பின்னால் நாலு சிலிண்டர் சத்தம் கேட்கிறது. பதற்றம். வழிவிடலாம் என்று நினைத்து, வளைவுக்குச் சாயாமல் இடது ஓரமாக நகர்கிறார். பின்னால் வந்தவரோ, இவர் வழக்கமான லைனில் உள்ளே சாய்வார் என்று நம்பி, வெளிப்பக்கமாக அதே இடது ஓரத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். இருவரும் நல்லெண்ணத்தோடுதான் இருந்தார்கள், ஆனால் இருவரும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டார்கள். சத்தம் கேட்டால் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. திரும்பிப் பார்க்காதீர்கள், த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) திடீரென மூடாதீர்கள், பிடித்த லைனிலேயே போங்கள். நீலக் கொடி காட்டினாலும் இதேதான். வேகமானவர் பின்னால் இருக்கிறார் என்ற தகவல் அது. ஓரங்கட்டச் சொல்லும் கட்டளை இல்லை.

சிசி வித்தியாசம் தனிக் கதை. 400 சிசி பைக் நேர்ப்பாதையில் மணிக்கு 140, லிட்டர் பைக் (1000 சிசி) 230 என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் 90 கிலோமீட்டர். அதாவது வினாடிக்கு 25 மீட்டர். சின்ன பைக்காரர் கொஞ்சம் விலகினால் திருத்திக்கொள்ளப் பெரிய பைக்காரருக்கு நேரமே கிடைக்காது. வளைவுக்குள் போனதும் கதை தலைகீழ். சின்ன பைக்கில் தேர்ந்தவர், லிட்டர் பைக்கில் வந்த புதியவரை வளைவுக்கு வளைவு எட்டிப்பிடிப்பார்; வளைவு முடிந்ததும் லிட்டர் பைக்காரர் த்ராட்டிலைத் திருகிப் பறந்துவிடுவார். ஒரு செஷன் முழுக்க இப்படியே போனால் பின்னால் இருப்பவருக்குப் பொறுமை போகும், அபாயமான இடத்தில் முந்தப் பார்ப்பார். லிட்டர் பைக்காரருக்குத் தெரிய வேண்டிய நாகரிகம்: ஒருமுறை நேர்ப்பாதையில் முழு த்ராட்டில் கொடுக்காமல், நேராகவே போய், அவரை முன்னே விடுங்கள். பின்னால் மாட்டிக்கொண்டவருக்கும் வழி உண்டு. ட்ராக்கை ஒட்டி பைக்குகள் உள்ளே வந்து போகும் பாதையான பிட் லேனுக்குள் போய், மெதுவாகக் கடந்து, காலி இடம் பார்த்து மறுபடி வெளியே வாருங்கள். அரை நிமிடம்தான் நஷ்டம்.

பிட்டுக்குள் திரும்பப் போகிறீர்கள் என்றால், கடைசி வளைவுக்கு முன்பே இடது கையை உயர்த்துங்கள், அல்லது காலை வெளியே நீட்டுங்கள். கை காட்டாமல் வேகத்தைக் குறைத்தால் பின்னால் வருபவர் அதை ஊகிக்க வழியில்லை. வெளியே வரும்போது வெள்ளைக் கோடு முடியும்வரை கோட்டுக்குள்ளேயே இருந்து, முதல் வளைவைத் தாண்டிய பிறகுதான் ரேஸிங் லைனில் சேர வேண்டும். முதல் இரண்டு சுற்று டயர் சூடேற்ற. காலை முதல் செஷனின் முதல் இரண்டு சுற்றில் விழுகிறவர்கள் பெரும்பாலும் பிரேக்கில் விழுவதில்லை, குளிர்ந்த டயரோடு த்ராட்டில் திறந்து விழுகிறார்கள்.

கொடிகளைக் காலை விளக்கக் கூட்டத்தில் சொல்வார்கள். அதைத் தவறவிட்டவருக்கு ட்ராக்கில் இறங்கும் அனுமதி ஸ்டிக்கர் கிடையாது என்பதே சரியான நடைமுறை. எத்தனை தூரத்திலிருந்து வந்திருந்தாலும் சரி. மஞ்சள் என்றால் வேகத்தைக் குறை, முந்தாதே, பச்சைக் கொடி வரும்வரை. சிவப்பு என்றால் செஷன் நின்றுவிட்டது. ஆனால் சிவப்பைக் கண்டதும் பிரேக்கை அழுத்துவதுதான் அடுத்த விபத்து. கையைத் தூக்கிக் காட்டி, படிப்படியாகக் குறைத்து பிட்டுக்கு வாருங்கள். சிவப்பு மஞ்சள் பட்டைக் கொடி, பாதையில் வழுக்கல் இருப்பதைச் சொல்வது. கறுப்புக் கொடியை உங்களை நோக்கிக் காட்டினால் பிட்டுக்குப் போக வேண்டும். கறுப்பின் நடுவே ஆரஞ்சு வட்டம் இருந்தால் அது வேறு: உங்கள் பைக்கில் ஏதோ ஒழுகுகிறது அல்லது தொங்குகிறது. அப்போது சுற்றை முடித்துக்கொண்டு பிட்டுக்கு வரக் கூடாது. உடனே லைனை விட்டு ஓரத்துக்குப் போய் ட்ராக்கை விட்டு வெளியேற வேண்டும். இல்லையென்றால் சுற்று முழுவதும் ஆயில் கோடு போட்டுக்கொண்டே வருவீர்கள்.

ஆயில் கொட்டினால் என்ன ஆகும் என்று பலருக்குத் தெரியாது. உறிஞ்சும் தூளைத் தூவி, தேய்த்து, கூட்டி, மறுபடி தூவி என்று அரைமணி நேரம் போய்விடும். அது எல்லாருடைய செஷனும்தான். பைக் பரிசோதனையில் கறார் காட்டுவது இதற்காகத்தான். ஆயில் வடிகால் போல்ட், ஆயில் ஊற்றும் மூடி, ஃபில்டர் மூன்றையும் 0.8 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத கம்பியால் கட்டி லாக் செய்வது நல்லது. ஃபில்டரைச் சுற்றி ஒரு ஹோஸ் கிளாம்ப் போட்டுக் கம்பியை அதில் கட்டலாம். கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் தார் மேல் விழுந்தால் சுலபத்தில் காயாது, ஆயிலைப் போலவே வழுக்கும். அதை வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர் நிரப்பச் சொல்வார்கள். வீடு திரும்பியதும் மறக்காமல் கூலன்ட்டை மாற்றுங்கள், வெறும் தண்ணீரோடு மாதக்கணக்கில் விட்டால் உள்ளே அரிக்கும்.

நம் ஊர் பைக்குகளுக்கே உரிய சில கழற்றல்கள் உண்டு. சேலை கார்டு, லெக் கார்டு, நடு ஸ்டாண்ட் எல்லாம் போக வேண்டும். லெக் கார்டு சாலையில் காப்பாற்றும். ட்ராக்கில் பைக் சறுக்கிப்போகும்போது மண்ணில் குத்தி அதைக் குட்டிக்கரணம் அடிக்க வைக்கும். சைடு ஸ்டாண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கேபிள் டையால் இறுகக் கட்டுங்கள். ஹெட்லைட், இண்டிகேட்டர் கண்ணாடிகளில் டேப். செயினுக்கு மசகு (லூப்) முந்தின நாள் இரவே போட்டுத் துடையுங்கள். காலையில் போட்டால் அது தெறித்துப் போய்ச் சேருமிடம் பின்டயரின் ஓரம், சாயும்போது தரையைத் தொடும் அதே இடம். பிரேக் பேடு பாதிக்கு மேல் இருக்கட்டும். பிரேக் ஆயில் ஓராண்டைத் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஈரத்தை உறிஞ்சிய ஆயில் சூட்டில் கொதித்து, லிவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொள்ளும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பழைய டயர், பட்டன் எவ்வளவு இருந்தாலும், பிடிக்காது. காற்று அழுத்தம் டயர் கம்பெனி ட்ராக்குக்குச் சொல்லும் அளவில். செஷன் முடிந்து உள்ளே வந்தவுடனே, சூடாக இருக்கும்போது அளந்து குறித்துவையுங்கள்.

உடையில் ஒன்றை மட்டும் சொல்கிறோம். இரண்டு துண்டு லெதர் சூட் என்றால், இடுப்பைச் சுற்றி முழு வட்டமும் ஜிப் போட்டு இணைவதாக இருக்க வேண்டும். பின்பக்கம் மட்டும் ஒரு சாண் ஜிப் இருப்பது சறுக்கும்போது மேலே ஏறி வயிற்றைத் திறந்துவிடும். பையில் சாவி, சில்லறை, போன் எதுவும் வேண்டாம்.

புல்லுக்குள் போய்விட்டால் பைக்கை நிமிர்த்தி, முன் பிரேக்கைத் தொடாமல், நேராகப் போய் வேகம் அடங்க விடுங்கள். ட்ராக்குக்குத் திரும்பும்முன் வருகிற பக்கம் பார்த்து, மெதுவாக ஓரமாகச் சேர்ந்து, நேரே பிட்டுக்கு வாருங்கள். டயரில் மண் ஒட்டியிருக்கும். விழுந்துவிட்டால் உருண்டு நிற்கும்வரை எழ முயலாதீர்கள். நின்றதும் பைக்கை மறந்து தடுப்புக்குப் பின்னால் போங்கள். அதே இடத்தில் அடுத்தவரும் விழ வாய்ப்புண்டு. நண்பன் விழுந்தான் என்று ட்ராக்கில் பைக்கை நிறுத்துவது நட்பே இல்லை. அவனைப் பார்த்துக்கொள்ள ட்ராக் ஓரத்தில் நிற்கும் பாதுகாப்புப் பணியாளரான மார்ஷல் இருக்கிறார். கழுத்தில் அடி இருக்கலாம், ஹெல்மெட்டை நண்பர்கள் கழற்றக் கூடாது.

ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டும்முன் கேட்க வேண்டியவை: குழுவுக்கு எத்தனை பேர், ஆம்புலன்ஸ் எத்தனை, எந்த மருத்துவமனையில் சொல்லி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு மார்ஷல் நிலையிலும் ஆள் உண்டா, அவர்களிடம் வாக்கி டாக்கி உண்டா. ஒரே ஆம்புலன்ஸ் இருந்து அது ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டால், அது திரும்பும்வரை ஒரு பைக்கும் ட்ராக்கில் இருக்கக் கூடாது. அதற்குச் சலித்துக்கொண்டு ஏற்பாட்டாளரை நச்சரிப்பவர்கள், அடுத்து ஏற்றப்படப்போவது யார் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். பிட் லேனில் செருப்போடு நடமாடுவது, குழந்தைகளைக் கூட்டிவருவது, ரெவ் லிமிட்டரில் உறும விடுவது, வீலி காட்டுவது எல்லாம் அங்கே வேண்டாத வேலை.

ஸ்ரீபெரும்புதூர் வெயில் லேசுப்பட்டதல்ல. தாகம் எடுக்காவிட்டாலும் ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் தண்ணீர், இடையிடையே ஓ.ஆர்.எஸ். மதியம் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு இரண்டு மணி செஷனுக்குப் போகிறவரின் பிரேக் போடும் இடம் ஒவ்வொரு சுற்றும் பத்து மீட்டர் தள்ளிப்போவதை மார்ஷல்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். காலையில் பிடித்த லைன் மாலையில் பிடிபடாமல் போனால், உடம்பு களைத்துவிட்டது என்று பொருள். கடைசி செஷனை விட்டுவிடலாம்.

இன்ஷூரன்ஸ் பாலிசியைப் பிரித்து, பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படியுங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட ரேஸ், வேகப் பரிசோதனை போன்றவற்றுக்குக் காப்பீடு இல்லை என்று வழக்கமாக இருக்கும். ட்ராக்கில் உடைந்ததை உங்கள் கைக்காசில்தான் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வாருங்கள். சென்னையிலிருந்து பைக்கையே ஓட்டி வருகிறவர்கள், விழுந்தால் ஏற்றிப்போக ஒரு குட்டி யானைக்காரரின் எண்ணைக் கையில் வைத்திருப்பது நல்லது.

ஓட்டியே திரும்புவதானால் காற்றைச் சாலைக்கான அளவுக்கு ஏற்றி, கண்ணாடிகளையும் நம்பர் பிளேட்டையும் மாட்டி, விளக்குகளின் டேப்பை உரித்து, ஆக்சில் நட்டையும் காலிப்பர் போல்ட்டையும் ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள். பிறகு அரைமணி நேரம் நிழலில் உட்காருங்கள். நாள் முழுக்க ட்ராக்கில் இருந்த கண்ணுக்கு நெடுஞ்சாலையில் 100 என்பது 60 போலத் தெரியும், அங்கே எதிர்த்திசையில் ஆட்டோவும் வரும்.