வான் வைக்காத குளம்: லொக் கோப்பு தந்த பாடம்

காலபோக அறுவடை நேரம். கிளிநொச்சிப் பக்கம் ஓர் அரிசி ஆலையின் வாசலில் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்கள் தெருவரை நிற்கின்றன. நிறுவை பதியும் கணினி அசையவில்லை. "தம்பி, பில் அடிக்கேலாமக் கிடக்கு, கெதியா வாரும்" என்று முதலாளி அழைத்தார். வவுனியாவிலிருந்து ஏ9 வழியே ஓடிப்போனேன்.

டிஸ்க்கில் இடமே இல்லை. டேட்டாபேஸும் அதே டிஸ்க்கில் இருந்ததால் எழுத வழியின்றி நின்றுவிட்டது. இடத்தைத் தின்றது ஒரேயொரு லொக் கோப்பு, அதாவது மென்பொருள் தன் நடவடிக்கைகளையும் பிழைகளையும் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு. மின்தராசின் இணைப்பு விட்டுவிட்டு அறுந்ததில், மென்பொருள் அதே பிழையை நொடிக்குப் பல தடவை எழுதித் தள்ளியிருந்தது.

அமைப்பைச் செய்தவன் நான்தான். லொக் எழுதும் ஜாவா நூலகமான லொக்பேக்கில், பழைய லொக் கோப்புகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று சொல்லும் மேக்ஸ் ஹிஸ்டரியை 30 என்று கொடுத்திருந்தேன். முப்பது நாள் என்ற நினைப்பு. அந்த 30 நாளா மாதமா என்பதைக் கோப்புப் பெயரில் உள்ள திகதி வடிவம்தான் தீர்மானிக்கும். நான் வருடமும் மாதமும் மட்டும் போட்டிருந்தேன். ஆகவே 30 மாதம்! அதைவிட மோசம், மாதம் முடியும்வரை நடப்புக் கோப்பு வெட்டுப்பட்டுப் புதியது தொடங்காது. வெட்டுப்படாத கோப்பை மேக்ஸ் ஹிஸ்டரி தொடவும் மாட்டாது.

முதலாளி கேட்டுவிட்டு, "அப்ப வான் வைக்காமக் குளம் கட்டியிருக்கிறீர்" என்றார். வான் என்பது குளம் நிறைந்தால் மேலதிக நீர் வழிந்தோடும் வழி. இரணைமடுக் குளத்துத் தண்ணியில் விதைக்கிற மனிதர்.

இப்போது திகதியோடு அளவையும் சேர்த்தே வைக்கிறேன். நாளுக்கொரு கோப்பு, 10 எம்பி தாண்டினால் அதே நாளுக்குள் அடுத்த இலக்கம். அதற்குக் கோப்புப் பெயரில் இலக்கக் குறியும் இருக்க வேண்டும். பழைய கோப்புகள் மொத்தம் 1 ஜிபியைத் தாண்டாதபடி டோட்டல் சைஸ் கேப். மேக்ஸ் ஹிஸ்டரி இல்லாமல் இது தனியே வேலை செய்யாது. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

எங்கள் பக்கத்து ஆலை, கடைக் கணினிகளை மாலையில் நிறுத்திவிடுவார்கள். நள்ளிரவில் கோப்பு மாறவில்லை என்று பதற வேண்டாம். லொக்பேக் மணிக்கூட்டைப் பார்த்து மாற்றுவதில்லை. காலையில் முதல் வரி எழுத வரும்போது மாற்றிக்கொள்ளும். இன்னொரு லொக் நூலகமான லொக்4ஜே 2இல், குறித்த நேரத்தில் கோப்பை மாற்றும் குரொன் அட்டவணை வைத்தால் கதை வேறு. தொடங்கும்போதே தவறிய மாற்றத்தைச் சரிபார்க்கும் எவலுவேட் ஒன் ஸ்டார்ட்அப் என்பதை ட்ரூ (ஆம்) ஆக்காவிட்டால், கணினி உறங்கிய நேரத்து மாற்றம் தவறிப்போகும்.

டிஸ்க் நிறைந்த பதற்றத்தில், லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் லொக்கை அழித்துவிடாதீர்கள். பெயர் மறையும், இடம் திரும்பாது. செயலி அந்தக் கோப்பை மூடும்வரை டிஸ்க் நிறைந்தபடியே கிடக்கும். கோப்பை விட்டுவைத்து உள்ளிருப்பதை மட்டும் வெறுமையாக்குங்கள்.

ஒப்படைக்குமுன் கோப்பின் அளவை 10 கேபி ஆக்கி, டோட்டல் சைஸ் கேப்பையும் அதற்கேற்பக் குறைத்து, வேண்டுமென்றே பிழைகளை எழுதவிட்டுப் பார்ப்பேன். பழைய கோப்பு கண்முன்னே அழிந்தால்தான் வீட்டுக்குப் போவது.

தராசின் கேபிளையும் அன்றே மாற்றினோம். எலி கடித்திருந்தது.