மிச்சக் கலவை யார் கைக்குப் போகிறது?

தர்மபுரி மாவட்டத்தில் வீடு கட்டும் எந்தத் தளத்துக்குப் போனாலும் பெண்கள் இருப்பார்கள். கல் சுமப்பது, மணல் சலிப்பது, கலவை போடுவது, காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் காட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. கரண்டி பிடித்துச் சுவர் எழுப்பும் பெண்ணைத்தான் தேட வேண்டியிருக்கிறது. பென்னாகரம், அரூர் பக்கமிருந்து கணவனும் மனைவியும் ஜோடியாக ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். சில வருடங்களில் அவன் கொத்தனார் ஆகிவிடுகிறான். அவள் தலை நரைத்த பிறகும் சித்தாள்தான்.

ஏன் என்று கேட்டால், "பெண்ணுக்கு அவ்வளவு வலு ஏது?" என்பார்கள். கட்டடப் பொறியாளராக இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கொத்தனார் ஒரு தடவைக்குத் தூக்குவது சுமார் மூன்று கிலோ செங்கல் ஒன்று, பிறகு ஒரு கரண்டிக் கலவை. அதே கலவையைப் பாண்டுச் சட்டி நிறைய அள்ளி, சும்மாட்டில் ஏற்றி, மாடிக்குக் கொண்டுவருபவள் சித்தாள். பெண் தொழிலாளி தூக்கும் சுமை 30 கிலோவைத் தாண்டக்கூடாது என்று 1998-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் சொல்லின. சுமக்கச் சொல்லும்போது அந்த விதி யாருக்கும் நினைவில்லை. கரண்டி கேட்டால் மட்டும் வலு ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. சார்க்கண்டில் கழிப்பறைகள் கட்டக் கொத்து வேலை பழகிய கிராமத்துப் பெண்களை 'ராணி மிஸ்திரி' என்றே அழைக்கிறார்கள். அவர்களும் நம்மூர்ப் பெண்களைப் போன்றவர்கள்தான்.

உண்மைக் காரணம் வேறு. மாலை வேலை முடியும் நேரத்தில் கொஞ்சம் கலவை மிஞ்சும். மேஸ்திரி கூட இருக்கும் பையனைக் கூப்பிட்டு, "டேய், அந்த செப்டிக் டேங்க் உள்சுவரைப் பூசிப் பழகு" என்பார். கோணலானாலும் யார் கண்ணிலும் படாத இடம். அந்த நேரத்தில் பெண்கள் பாண்டு கழுவிக்கொண்டிருப்பார்கள், தளத்தைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். தொழில் கைமாறுகிற அந்த அரை மணி நேரம் அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை.

பாலக்கோடு பக்கம் நான் மேற்பார்வை பார்த்த ஒரு வீட்டில், பிளஸ் டூ முடித்துவிட்டு அம்மாவோடு வேலைக்கு வந்த பெண் ஒருத்தி வாய்விட்டே கேட்டாள்: "அண்ணா, எனக்கும் பூசக் கற்றுக்கொடுங்கள்." மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "இவளைக் கொத்தனார் ஆக்கிவிட்டால் எனக்குக் கலவை போட யார் இருக்கிறார்கள், மேடம்?" வலுவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நல்ல சித்தாளை விட மனமில்லை, அவ்வளவுதான்.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்தை அவளிடம் விடச் சொன்னேன். சுவரை நனைக்காமலே ஆரம்பித்தாள். மணிக்கட்டைச் சுழற்றாமல் முழங்கையை வீசியதில் எறிந்த கலவையில் பாதி காலடியில் விழுந்தது. மட்டப்பலகையைப் பிடித்து இழுக்கத் தொடங்கிய பிறகுதான் கை நிதானப்பட்டது. "நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது, செதுக்கு" என்றார் மேஸ்திரி. பையன்களிடம் சொல்வதும் அதேதான்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பெண்கள் சேரும் நாளிலேயே பழக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கரண்டியும், சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டும், மட்டம் பார்க்கும் ரசமட்டமும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தவர் கரண்டி நாம் பழகுவதற்காகச் சும்மா காத்திருக்காது. கொத்தனார் கூலி எப்போதிலிருந்து என்பதை நாலு பேர் முன்னால் பேசி முடியுங்கள். ஒரே வேலைக்கு ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி கூடாது என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தக் கூலியும் உங்கள் கைக்கே வரட்டும், கணவர் கைக்கோ அப்பா கைக்கோ அல்ல. சாரத்தில் ஏறச் சேலை ஆகாது, சுடிதாருக்கு மேல் முழுக்கைச் சட்டை போடுங்கள். ஈர சிமென்ட் தோலை அரிக்கும், கையுறை வேண்டும்.

கழிப்பறை இல்லாத தளத்தில் பெண்கள் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிறார்கள். அதனால் தகரம் அடைத்த கழிப்பறை ஒன்றின் செலவை மதிப்பீட்டின் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். வீட்டுக்காரர்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் கொடுத்துவிடுவார்கள். பாலியல் தொல்லை என்றால், 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டட வேலைக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவான தளமானாலும், வேலை கொடுத்தவர் மீதே புகாரானாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

18 வயது நிறைந்ததும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். கட்டடச் செலவில் 1 சதவீதமாக வசூலாகும் நலநிதி இதற்காகத்தான். உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் விவரம் கேட்கலாம், திறன் பயிற்சி பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தை இ-சேவை மையத்தில் இருப்பவரே நிரப்ப விடாதீர்கள். பெண் என்றதும் அவர் கை தானாகச் சித்தாள் என்று அடித்துவிடும்.