இருபது கிலோ மூட்டையோடு கலிபியே ஏறுவது எப்படி?

பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில் சான் மிஷேல் த மொரியென் என்ற சிற்றூர் சுமார் 710 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தெலெகிராஃப் கணவாய்க்கு ஏறி, வல்வார் ஊருக்குச் சற்றே இறங்கி, மறுபடி ஏறினால் கலிபியே கணவாய், 2,642 மீட்டர். தூரம் 35 கிலோமீட்டர்தான். ஏற்றத்தை மட்டும் கூட்டினால் ஏறக்குறைய 2,100 மீட்டர். கூடாரம், அடுப்பு, மாற்றுத்துணி என்று 20 கிலோவைச் சைக்கிள் கேரியரில் தொங்கவிட்டுக்கொண்டு, பந்தய வீரர்களாக இல்லாதவர்களும் இதை ஏறிவிடுகிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். ஆள் 70 கிலோ, சைக்கிள் 15, மூட்டை 20. ஆக 105 கிலோ. எட்டு சதவீதச் சரிவில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகம் போக சுமார் 150 வாட் வேண்டும். அதில் பெரும்பங்கு புவியீர்ப்பை எதிர்த்து உயர்வதற்கே போகிறது. இந்த வேகத்தில் காற்றின் தடை ஒன்றிரண்டு வாட்தான். பழகிய உடம்பு 150 வாட்டை மணிக்கணக்கில் தரும். இதே 150 வாட்டில் போனால், சரிவு குறையும் இடங்களில் வேகம் கூடுவதால், உச்சிக்கு நாலரை மணி நேரம். நின்று இளைப்பாறும் நேரம் தனி.

அப்படியானால் கால் ஏன் பிடித்துக்கொள்கிறது? விடை கியரில் இருக்கிறது. முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் 39 பல், பின்னால் உள்ள பல்சக்கரத்தில் 25 பல் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி 3.3 மீட்டர் போகும். மணிக்கு 6 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு 30 சுற்றுதான். ஒவ்வொரு மிதியும் மாடிப்படி ஏறுவதுபோல் இருக்கும். முன்னால் 26, பின்னால் 34 போட்டால் ஒரு சுற்றுக்கு 1.6 மீட்டர்; நிமிடத்துக்கு 60 சுற்றுக்கு மேல். அதே 150 வாட்தான், ஆனால் பெடலில் விழும் விசை பாதியாகிவிடும். விசை கூடினால், சீக்கிரம் களைத்துவிடும் வேக இழைகளைத் தசை துணைக்கு அழைக்கும். அவை சேமிப்புச் சர்க்கரையை வேகமாகக் கரைப்பவை. மெல்ல உழைக்கும் இழைகளே வேலையைப் பார்த்துக்கொண்டால் நாள் முழுக்க ஓட்டலாம்.

இதை நூறு வருடத்துக்கு முன்பே உரக்கச் சொன்னவர் சான் எத்தியேன் நகரைச் சேர்ந்த போல் த விவி. வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய இவர், நெடும்பயணத்துக்குப் பல கியர்கள் வேண்டும் என்று விடாமல் வாதாடினார். டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெகிரான்ஜ் அதை ஏற்கவில்லை. அந்தப் பந்தயம் 1911இல் முதல்முறை கலிபியே ஏறியபோது சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் இன்றைய டிரெயிலர் (derailleur) கியர் கிடையாது. அதை அனுமதித்தது 1937இல்தான். இந்த வழக்கில் நான் முழுக்க வெலோசியோ பக்கம்.

அப்புறம் சாப்பாடு. நாம் உண்பதில் கால்பங்குதான் பெடலுக்குப் போகிறது, மிச்சம் சூடாகப் போய்விடும். அதனால் இந்த ஏற்றத்துக்கு 2,300 கலோரி அளவுக்குச் செலவாகும். உடம்பின் சர்க்கரைச் சேமிப்போ மொத்தமே ஏறக்குறைய 2,000 கலோரி. கொழுப்பும் எரியும் என்றாலும், வழியில் சாப்பிடாவிட்டால் வல்வாருக்கு மேலே கண் இருட்டி, கை நடுங்கி, பெடலை அழுத்தவே மனம் வராது. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ‘ஃப்ரேன்கால்’ என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். பசிக்கும் முன்னே சாப்பிடு, தாகம் எடுக்கும் முன்னே குடி என்றும் வெலோசியோ எழுதிவைத்தார். மூட்டைக்கான கூடுதல் செலவு மட்டும் 400 கலோரி சொச்சம். ஒரு பாகெத் ரொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு. கூடவே முக்கால் மணி நேரத் தாமதம்.

வல்வாருக்கு மேலே ப்ளான் லஷா என்ற இடத்தைத் தாண்டினால் கடைசி எட்டு கிலோமீட்டர் செங்குத்து. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதே வேகம், ஆனால் மூச்சு இரைக்கும். அங்கே இன்னொரு கியர் இறக்குங்கள்.

உச்சியில் அடிவாரத்தைவிட 12 டிகிரி வரை குளிர் கூடுதல். வியர்த்த சட்டையோடு இறங்கக் கூடாது. காற்றைத் தடுக்கும் மேல்சட்டையை முதலில் மாட்டிக்கொள்ளுங்கள். தெற்கே லொத்தரே கணவாய் வரை 580 மீட்டர் இறக்கம். அந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கில் கரைந்தால் ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். அதனால் பிரேக்கைத் தொடர்ந்து உரசவிடாமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து விட்டுவிட வேண்டும். இடையில், பிரேக் உரசும் சக்கர விளிம்பான ரிம்மைக் காற்று ஆற்றும். கொஞ்ச தூரத்திலேயே, உச்சிக்குக் கீழே மலையைக் குடைந்து போகும் சுரங்கப்பாதையின் தெற்கு வாயில் அருகே, தெகிரான்ஜின் நினைவுச்சின்னம் இருக்கிறது. ரிம்மில் சூடு தெரிந்தால் அங்கே நிறுத்தி, மிச்ச ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.