கமிஷனும் கத்தரியும் ஒரே கையில்: ஆப் ஸ்டோர்கள் இயங்கும் விதம்

2019 ஏப்ரல் 3 அன்று, டிக்டாக் செயலியைத் தரவிறக்கம் செய்யத் தடை போடும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. இரண்டு வாரத்துக்குள் கூகுள் பிளே ஸ்டோரிலும் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் டிக்டாக் காணாமல்போனது. ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்களுக்கு அது வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. இந்தியாவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடியோக்களை நீக்கிவிட்டதாக நிறுவனம் சொன்னது; ஏப்ரல் 24 அன்று நீதிமன்றம் தடையை விலக்கியது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச் 1. இந்த முறை நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லை. சென்னையில் இயங்கும் மேட்ரிமோனி டாட் காம் நிறுவனத்தின் பாரத் மேட்ரிமோனி உட்படப் பல இந்தியச் செயலிகளைக் கூகுளே பிளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. காரணம், சேவைக் கட்டணம் கட்டவில்லை என்பது. மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் அவை திரும்பி வந்தன.

முதல் சம்பவம் உள்ளடக்கம் பற்றியது, இரண்டாவது பணம் பற்றியது. இரண்டிலும் நடந்த வேலை மட்டும் ஒன்றே: செயலியை ஸ்டோரிலிருந்து எடுப்பது. ஸ்டோருக்கு இவ்வளவு பலம் வந்ததற்கான காரணம் போனுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு செயலியை எழுதி முடித்ததும் அதன் கோப்புகளிலிருந்து கணித முறைப்படி ஒரு சுருக்கக் குறியீடு எடுக்கப்படுகிறது. கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் இந்தக் குறியீடு முழுவதும் மாறிவிடும். அந்தக் குறியீட்டின் மீது ரகசியச் சாவியால் டிஜிட்டல் கையொப்பம் இடுகிறார்கள். ஐபோனில் எந்த நிரல் ஓட வேண்டுமென்றாலும், ஆப்பிள் ஏற்றுக்கொண்ட கையொப்பம் அதன்மேல் இருக்கிறதா என்று இயங்குதளம் பார்க்கும். இல்லையென்றால் திறக்காது. ஆண்ட்ராய்டில் டெவலப்பரே தன் சாவியால் கையொப்பம் இடலாம். அதனால்தான் ஏபிகே எனப்படும் நிறுவல் கோப்பை வெளியிலிருந்து வாங்கி நிறுவ முடிகிறது. ஆனால் நடுவில் எச்சரிக்கைத் திரைகள் வரும், அமைப்புகளுக்குள் போய் அனுமதி கொடுக்க வேண்டும். சாதாரணப் பயனர் அங்கேயே பின்வாங்கிவிடுவார். ஆக, ஐபோனில் பூட்டிய கதவு, ஆண்ட்ராய்டில் தள்ளிப் பார்க்கப் பயப்பட வைக்கும் கதவு. செயலியை உள்ளே விடுவதற்கான விதிகளை எழுதுகிறவரே பயனரிடமிருந்து வரும் பணத்தையும் வாங்கி எண்ணுகிறார்.

கதவருகே நடப்பதைத்தான் ரிவியூ என்கிறோம். முதலில் தானியங்கிச் சோதனை: தீங்கு நிரல் இருக்கிறதா, தேவையில்லாத அனுமதிகளைக் கேட்கிறதா என்று. பிறகு மனிதர்கள் செயலியைத் திறந்து பார்க்கிறார்கள். ஆப்பிளில் இந்த வேலைக்கு 500 பேருக்கு மேல் இருக்கிறார்கள். பெரும்பாலான விண்ணப்பங்களை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுவதாக அந்த நிறுவனம் சொல்கிறது.

ரிவியூ செய்பவர் இன்றைய செயலியைத்தான் பார்க்கிறார். நாளை ராத்திரி அதில் யார் என்ன எழுதப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அதனால் அந்தப் பொறுப்பை ஸ்டோர் டெவலப்பரின் தலையில் வைக்கிறது. பயனர்கள் எழுதும் இடம் ஒரு செயலியில் இருந்தால், ஆபாசத்தையும் வசையையும் வடிகட்ட ஒரு வழி, புகார் கொடுக்க ஒரு பட்டன், தொல்லை தருபவரை பிளாக் செய்ய ஒரு வசதி, தொடர்புகொள்ள ஒரு முகவரி ஆகிய நான்கும் இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிளின் 1.2 என்ற விதி. கூகுளிலும் கிட்டத்தட்ட இதேதான்.

பெருங்குடியில் மூன்று பேர் சேர்ந்து தமிழ்ச் சிறுகதைகள் படிக்க ஒரு செயலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கதைக்குக் கீழே பின்னூட்டம் எழுதலாம். ரிவியூ செய்பவர் ஒரு பின்னூட்டத்தின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தட்டுகிறார். புகார் பட்டன் இல்லை. ஆப் ரிஜெக்ட் ஆகிறது. பட்டனை ஒரு மாலையில் சேர்த்துவிடலாம். வடிகட்டிதான் பெரிய வேலை. தமிழில் ஒரு வசைச்சொல்லைப் பட்டியலில் போட்டால் போதாது. உருபு சேரும்போது அதன் கடைசி எழுத்து மாறும், சந்தியில் இன்னொரு எழுத்து நுழையும். அதே சொல்லைப் பாதிப்பேர் ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். நடுவில் ஓர் எண்ணையோ நட்சத்திரத்தையோ செருகினால் பட்டியல் ஏமாந்துவிடும். சாதிப்பெயர்கள் இன்னும் சிக்கல். ஒரு தலித் எழுத்தாளரின் கதையில் வாழ்க்கையைச் சொல்ல வரும் பெயர், அடுத்த பின்னூட்டத்தில் வசையாக வரும். எழுத்து ஒன்றே, எது வசை என்று சொல்லத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். மூன்று பேர் கொண்ட குழுவில் அந்த ஒருவர் யார்? இப்படிப்பட்ட இடத்தில் எளிதான முடிவு, பின்னூட்டப் பகுதியையே எடுத்துவிடுவது. விதி கேட்டது ஒழுங்கான உரையாடல். கிடைப்பது உரையாடலே இல்லாத செயலி. இந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்த அழுத்தம் உண்டு. 2018 நவம்பரில் டம்ளர் என்ற சமூக வலைதளத்தின் செயலியை ஆப்பிள் தன் ஸ்டோரிலிருந்து எடுத்தது. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்கள் அதில் தென்பட்டிருந்தன. அத்தகைய படங்களைப் பிடிக்க, ஏற்கெனவே அடையாளம் கண்ட படங்களின் சுருக்கக் குறியீடுகளை, நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு தரவுத்தளத்தில் வைத்திருக்கிறார்கள். பதிவேற்றப்படும் ஒவ்வொரு படமும் அதோடு ஒப்பிடப்படும். டம்ளரில் சிக்கியவை அந்தத் தரவுத்தளத்தில் அதுவரை சேராதவை. சில வாரங்களில், டிசம்பர் 17 முதல், வயது வந்தோருக்கான படங்கள் அனைத்துக்குமே டம்ளர் தடை போட்டது. சட்டவிரோதமான படங்களை நீக்கியதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. அதோடு சேர்ந்து சட்டப்படி தவறில்லாதவையும் போயின. டம்ளரைப் பின்னர் வாங்கிய நிறுவனத்தின் தலைவர் மாட் முல்லன்வெக், பழையபடி திறந்துவிட முடியாததற்கு ஆப் ஸ்டோர் விதிகளும் கிரெடிட் கார்டு நிறுவனங்களும் முக்கியக் காரணம் என்று 2022இல் வெளிப்படையாக எழுதினார்.

இதை உங்கள் ஆண்ட்ராய்டு போனிலேயே பார்க்கலாம். டெலிகிராமைப் பிளே ஸ்டோரிலிருந்து நிறுவினால் சில சேனல்கள் திறக்காது. அதே டெலிகிராமை அதன் சொந்த இணையதளத்திலிருந்து ஏபிகேயாக இறக்கினால் கட்டுப்பாடுகள் குறைவு என்று அந்த நிறுவனமே சொல்கிறது. சேனலும் சர்வரும் ஒன்றுதான், வந்த வழி மட்டும் வேறு.

இனி பணம். 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்த நாளிலிருந்து 30 விழுக்காடு என்பது ஆப்பிளின் பங்கு. கூகுளும் அதையே பின்பற்றியது. ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை சம்பாதிப்பவர்களுக்கு 2021 முதல் இரண்டிலும் 15 விழுக்காடு. செயலிக்குள் சந்தா பட்டனைத் தட்டும்போது பணம் ஸ்டோருக்குப் போகிறது; ஸ்டோர் கையொப்பமிட்ட ஒரு ரசீதைத் தருகிறது; செயலியின் சர்வர் அதைச் சரிபார்த்து உள்ளடக்கத்தைத் திறந்துவிடுகிறது. டெவலப்பருக்குத் தன் பங்கு பிறகு வந்து சேரும். மாதம் 100 ரூபாய் சந்தா என்றால், வரி தனி, 15 ரூபாய் ஸ்டோருக்கு. 2020 ஜனவரி முதல் யுபிஐ பரிவர்த்தனைக்கு வணிகர் கட்டணம் பூஜ்யமாக இருக்கும் நாட்டில் இந்தத் தொகை கண்ணை உறுத்தத்தான் செய்யும்.

ஆனால் எல்லாரும் கட்டுவதில்லை. பிரியாணி, ஆட்டோ, புடவை போன்ற கைக்கு வந்து சேரும் பொருளுக்கும் நேரடிச் சேவைக்கும் கமிஷன் கிடையாது. விளம்பர வருமானத்துக்கும் கிடையாது. டிஜிட்டல் பொருளுக்கு மட்டும்தான். ஆப்பிளின் விதியில் ஒரு நுணுக்கம் பாருங்கள்: மயிலாப்பூரில் ஒரு வீணை ஆசிரியை ஒரு மாணவிக்கு நேரலையில் பாடம் எடுத்தால் கட்டணத்தை வேறு வழியில் வாங்கிக்கொள்ளலாம். அதே பாடத்தை ஐந்து பேருக்குச் சேர்த்து எடுத்தால் ஆப்பிளின் பில்லிங் வழியாகத்தான் வாங்க வேண்டும். சின்னச் சந்தாவில் பிழைக்க நினைப்பவர்களை இது விளம்பரத்தின் பக்கம் தள்ளுகிறது என்பது என் கருத்து. விளம்பரத்துக்குக் கூட்டம் வேண்டும், கூட்டத்துக்குச் சச்சரவு உதவும், சச்சரவு வந்தால் மீண்டும் 1.2ஆம் விதி.

பணமும் பேச்சும் நேராக முட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. “எங்கள் இணையதளத்தில் சந்தா விலை குறைவு” என்ற வாக்கியத்தைச் செயலிக்குள் எழுத நீண்ட காலம் தடை இருந்தது. அதில் ஆபாசமோ வன்முறையோ பொய்யோ இல்லை. எபிக் கேம்ஸ் என்ற வீடியோகேம் நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் 2021 செப்டம்பரில் அமெரிக்க நீதிபதி இவான் கொன்சாலஸ் ரோஜர்ஸ் இந்தத் தடையை நீக்கச் சொன்னார். ஆப்பிள் இணைப்புக் கொடுக்க அனுமதித்து, அந்த இணைப்பு வழியாக நடக்கும் விற்பனைக்கு 27 விழுக்காடு கேட்டது. 2025 ஏப்ரலில் அதே நீதிபதி, ஆப்பிள் தன் உத்தரவை மீறியதாகத் தீர்ப்பளித்தார். இந்தியாவில் 2022 அக்டோபரில், சந்தையில் நியாயமான போட்டி இருக்கிறதா என்று பார்க்கும் போட்டி ஆணையம் கூகுளின் பில்லிங் விதிகளுக்காக 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பயனர்களிடம் டெவலப்பர்கள் பேசுவதைத் தடுக்கக் கூடாது என்றும் சொன்னது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் அபராதத்தை 216.69 கோடியாகக் குறைத்தது. நடுவில் கூகுள் மாற்றுப் பில்லிங்கை அனுமதித்தது. ஆனால் கமிஷனில் குறைத்தது 4 விழுக்காடு மட்டும். 15 கட்டியவர் 11 கட்டி, தன் பேமென்ட் கேட்வேக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். மேட்ரிமோனி டாட் காம் உள்ளிட்ட நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது இதற்காகத்தான். இது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விவகாரம் என்று 2023 ஆகஸ்டில் தனி நீதிபதி வழக்குகளைத் தள்ளினார்; 2024 ஜனவரியில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அடுத்த மார்ச்சில் நடந்ததை முதலிலேயே சொன்னேன்.

கதவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடன் ஆப் கும்பல்கள் போனிலிருந்த படங்களையும் தொடர்பு எண்களையும் எடுத்து, படத்தை மார்பிங் செய்து உறவினருக்கெல்லாம் அனுப்பி மிரட்டியதை இங்கே எத்தனை குடும்பங்கள் அனுபவித்தன! தனிநபர் கடன் செயலிகள் படங்களையும் தொடர்பு எண்களையும் தொடக் கூடாது என்று 2023 மே மாத இறுதியில் கூகுள் விதி கொண்டுவந்தது. 2022 செப்டம்பருக்கும் 2023 ஆகஸ்டுக்கும் இடையில் 2,200க்கும் மேற்பட்ட கடன் செயலிகளைக் கூகுள் நீக்கியதாக நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. அந்தக் காவல் வேண்டும். காவலுக்கும் கமிஷனுக்கும் முடிச்சுப் போட வேண்டுமா என்பதே என் கேள்வி.

தொழில்நுட்ப ரீதியில் அந்த முடிச்சுக்கு அவசியம் இல்லை என்பதை ஐரோப்பா காட்டிவிட்டது. அங்கே 2024 மார்ச்சிலிருந்து ஆப்பிளைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் சந்தைச் சட்டத்துக்குப் பிறகு ஐபோனில் வேறு ஸ்டோர்களும் உண்டு. அவற்றுக்கு வரும் செயலியில் தீங்கு நிரல், மோசடி போன்ற அடிப்படை விஷயங்களை மட்டும் ஆப்பிள் பார்த்துக் கையொப்பமிடுகிறது. உள்ளடக்கம் எப்படி இருக்கலாம், பணம் எப்படி வாங்கலாம் என்பதை அந்தந்த ஸ்டோர் முடிவுசெய்கிறது. 2025 பிப்ரவரியில் ஆபாசப் படங்களுக்கான செயலி ஒன்று அப்படி ஐபோனுக்குள் வந்தது. ஆப்பிள் கடுமையாகக் கவலை தெரிவித்தது. ஆனாலும் செயலி வந்தது. பிரித்தால் இப்படிப்பட்டவையும் வரும், அதை மறைக்கத் தேவையில்லை. கட்டணமும் முழுதாக ஒழியவில்லை: 10 லட்சம் நிறுவல்களைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் அரை யூரோ என்று ஆப்பிள் புதுக் கணக்கு போட்டது. இந்தியாவில் டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவு 2024 மார்ச்சில் வெளியானது. பெரிய நிறுவனங்கள் தங்கள் இடத்துக்கு வெளியே விற்பது பற்றிப் பயனரிடம் சொல்ல டெவலப்பரைத் தடுக்கக் கூடாது என்ற பகுதி அதில் இருக்கிறது. ரிஜெக்ட் ஆன தமிழ்ச் செயலிக்கு, தமிழ் தெரிந்த ஒருவரிடம் மேல்முறையீடு செய்யும் உரிமையையும் அதில் சேர்க்க வேண்டும்.