பில்ட்-இன் ஓவனை மாற்றும்போது பீடிங்கில் கை வைக்கும் முன்

மாடுலர் கிச்சனின் டால் யூனிட்டுக்குள் (உயரமான அலமாரிக்குள்) இருக்கும் ஓவன் பழுதாகிப் புதிது வந்து இறங்கியதும், முதலில் கை போவது ஸ்க்ரூ டிரைவருக்குத்தான். ஓவனைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கண்டுபிடிப்பது எளிது. கதவைத் திறந்தால் பக்கச் சட்டங்களில் இரண்டோ நான்கோ தெரியும். அவற்றைக் கழற்றிய பிறகும் ஓவன் அசையவில்லை என்றால், சுற்றிலும் அடித்த பீடிங்தான், அதாவது இடைவெளியை மறைக்கும் மெல்லிய பட்டைதான், பெரும்பாலும் காரணம். அங்கேதான் அவசரப்பட்டு நெம்பி, மைக்காவை (கேபினட்டின் மேல் ஒட்டிய லாமினேட்டை) பெயர்த்துவிடுகிறார்கள்.

பீடிங் ஏன் வந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வழக்கமான ஓவனின் முகப்பு 595 மி.மீ. அகலம், 595 மி.மீ. உயரம். 600 மி.மீ. அகலமுள்ள கேபினட்டில் இருபக்கமும் 18 மி.மீ. பிளை (பிளைவுட் பலகை) போக, உள்ளே 564 மி.மீ. இருக்கும். ஓவனின் உடம்பு அதற்குள் போய்விடும், முகப்பு பிளையின் விளிம்பை மூடிக்கொண்டு வெளியே நிற்கும். இந்தக் கணக்குப்படி செய்த கேபினட்டுக்குப் பீடிங்கே வேண்டாம். திறப்பை நாலைந்து நூல் (ஒரு நூல் என்பது சுமார் 3 மி.மீ.) கூட விட்டு வெட்டிவிட்டால்தான், ஓவனை உள்ளே தள்ளிய பிறகு இடைவெளியை மறைக்கப் பட்டை அடிப்பார்கள். அது முகப்பின் ஓரத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தால், ஓவன் சிறைப்பட்டது போலத்தான்.

எதையும் தொடும் முன் அந்த லைனின் எம்சிபியை (மெயின் போர்டில் உள்ள டிரிப் சுவிட்சை) இறக்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிளக் பாயிண்ட் பல வீடுகளில் ஓவனுக்குப் பின்னாலேயே இருக்கும், கத்தி போகும் இடத்தில் ஒயர் ஓடலாம்.

அடுத்து, பட்டை எதனால் நிற்கிறது என்று பாருங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் ஆணி இறங்கிய இடம் சின்னப் பள்ளமாகவோ, நிறம் மாறிய பட்டிப் பொட்டாகவோ தெரியும். பக்கத்து கேபினட்டின் உட்பக்கத்தையும் பாருங்கள். நல்ல கார்பெண்டர் அங்கிருந்து ஸ்க்ரூ போட்டு, தலையை ஸ்டிக்கரால் மூடியிருப்பார். ஆணியும் இல்லை, ஸ்க்ரூவும் இல்லை என்றால் பசையோ சிலிக்கானோதான் பிடித்திருக்கிறது.

முதலில் கத்தி. பட்டையும் கேபினட்டும் சேரும் கோட்டில் புது பிளேடை இரண்டு மூன்று முறை மெல்ல ஓட்டுங்கள். சிலிக்கானை அறுக்காமல் இழுத்தால் அது மைக்காவின் மேல்தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். பசை என்றால் ஹேர் டிரையரால் சூடு காட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றால் பக்கத்து லாமினேட் உப்பிவிடும்.

பிறகு பட்டி பிளேடை (பட்டி பூசும் தட்டையான தகட்டை) சந்தில் செருகி, அதற்கும் கேபினட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளைத் துண்டை வையுங்கள். நெம்பும் அழுத்தம் அந்தத் துண்டின்மேல் விழ வேண்டும், கேபினட்டின் முகப்பின்மேல் அல்ல. கீழ் முனையில் ஆணிக்குப் பக்கத்தில் ஒரு நூல் தூக்குங்கள், அடுத்த ஆணிக்குப் போங்கள், திரும்பி வாருங்கள். ஒரே இடத்தில் முழுதாகத் தூக்கினால் பிளைப் பட்டை வளைந்து தாக்குப்பிடிக்கலாம். எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) பட்டை அங்கேயே ஒடியும். கழன்றதும் பின்பக்கம் பென்சிலால் இடது, வலது, மேல் என்று எழுதிவிடுங்கள். பட்டையில் தங்கிவிட்ட ஆணியை முன்பக்கம் தட்டி எடுக்காதீர்கள். பின்பக்கமிருந்து குறடால் பிடித்து உருவினால் பட்டையின் முன்பக்கம் சிதறாது.

ஓவனை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும், எடை 30 கிலோவைத் தாண்டலாம். கதவை முதலில் கழற்றிவிட்டால் சுமை குறையும். கீல் இரண்டிலும் உள்ள பூட்டை மடக்காமல் கதவைத் தூக்கினால் ஸ்பிரிங் விரலில் அறையும், அதில் மட்டும் கவனம். பாதி வெளியே இழுத்து, பிளக்கை உருவி, அதன்பிறகே முழுதாக எடுங்கள்.

புது ஓவனுக்குப் பழைய ஓவனை அளக்காதீர்கள். திறப்பை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, புது மாடலோடு வரும் வரைபடத்துடன் ஒப்பிடுங்கள். பிளை சற்றே வளைந்திருந்தாலும் நடுவில் ஓவன் மாட்டிக்கொள்ளும்.

காற்று விஷயத்தில் நடக்கும் தவறு இன்னும் மோசமானது. ஓவனைக் குளிர்விக்கும் ஃபேன், சூட்டைக் கதவுக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் நடுவிலுள்ள சந்து வழியாக வெளியே தள்ளுகிறது. பின்னாலும் கீழேயும் காற்று வர வழி வேண்டும். அழகு கெடுகிறது என்று அந்தச் சந்தில் பட்டை அடித்தாலோ, பின்பலகையை முழுதாக அடைத்தாலோ, ஓவன் பாதிச் சமையலில் தானே நின்றுவிடும். மெஷினில் கோளாறு என்று சர்வீஸுக்குக் கூப்பிடுவார்கள், ஆனால் உள்ளே சூடு ஏறியதால் பாதுகாப்பு சுவிட்ச் தன் வேலையைத்தான் செய்திருக்கும். அதோடு பக்கத்து ஷட்டரின் (கேபினட் கதவின்) பிவிசி விளிம்புப் பட்டையும் சூட்டில் பசை விட்டு உரியத் தொடங்கும்.

பீடிங்கைத் திரும்ப அடிக்கச் சொல்லும்போது, ஓவனின் முகப்பைத் தொடாமல் ஒரு நூல் இடைவெளி விடச் சொல்லுங்கள். ஆணியும் பசையும் வேண்டாம், உட்பக்கமிருந்து ஸ்க்ரூ போடட்டும். பழைய ஓட்டை தளர்ந்திருந்தால் ஃபெவிகால் தடவிய தீக்குச்சியைச் செருகி, காய்ந்தபின் மெல்லிய டிரில் போட்டு முடுக்கலாம். பிளக் பாயிண்டையும் அதே நாளில் பக்கத்து கேபினட்டுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். 16 ஆம்பியர் சாக்கெட்டும் சரியான எர்த்தும் கட்டாயம்.